இழுபறியில் தேயும் ஊதியம்: அமெரிக்கக் கேசினோத் தொழிலாளர்களும் பேச்சுவார்த்தை மேசையும்

கேசினோ எனப்படும் சூதாட்ட மாளிகை என்றதும் சுழலும் ரூலெட் சக்கரமும் சீட்டு மேசையும் ஒளிரும் பொறிகளுமே பலர் மனத்தில் தோன்றினாலும், லாஸ் வேகஸ், அட்லாண்டிக் சிட்டி, டெட்ராய்ட் ஆகிய அமெரிக்க நகரங்களில் இயங்கும் இம்மாளிகைகள் உண்மையில் பெரும் தங்கும் விடுதிகளும், இரவுபகலாக எரியும் சமையற்கூடங்களும், சலவைச் சாலைகளும், மதுக்கூடங்களும் ஒரே கூரையின் கீழ் அமைந்த தொழிற்கூடங்களாகும். அங்கு வேலை செய்வோரில் பெரும்பகுதியினர் ஒரு சீட்டைக்கூடத் தொடாதவர்கள். படுக்கை விரிப்பவர்கள், பாத்திரம் துலக்குபவர்கள், பெட்டி தூக்குபவர்கள், மதுக்கோப்பை ஏந்தி மேசைக்கு மேசை நடப்பவர்கள். இவர்களுடைய மனக்குறைகளைக் கேட்டறிய முற்படும் எவருக்கும், ஊதியம் போதவில்லை என்பதற்கு முன்பாகவே வேறொன்று காதில் விழும்: நிர்வாகம் எதையும் முடித்துத் தருவதில்லை, ஒப்பந்தப் பேச்சு மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்பதே அது. தாமதம் என்பது பேச்சுவார்த்தையில் தற்செயலாக நேரும் விபத்தன்று, பெரும்பாலான சமயங்களில் அது ஒரு தரப்புக்கு ஆதாயமாக அமையும் நிலை என்பதை இத்தொழிலின் கடந்த முப்பத்தைந்து ஆண்டு வரலாறு காட்டுகிறது.

'மோசமான நிர்வாகம்' என்று தொழிலாளர்கள் சொல்வது எதை என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அறைகளைத் துப்புரவு செய்யும் பெண்களை எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் இத்தனை அறைகளை முடித்தாக வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பல விடுதிகள், விருந்தினர் கேட்டாலொழிய அன்றாடம் அறையைச் சுத்தம் செய்வதில்லை என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தபோது, வேலை குறைந்துவிட்டதுபோல் வெளியே தோன்றியதே தவிர, நான்கைந்து நாள் குப்பையும் கறையும் சேர்ந்த அறையை அதே நேரத்திற்குள் ஒருவரே முடிக்க வேண்டிய நிலை ஏற்பட்டதோடு, தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கையும் குறைந்து பலருடைய வேலைநாட்கள் சுருங்கின. அன்றாடத் துப்புரவைக் கட்டாயமாக்கி 2020இல் நெவாடா மாநிலம் இயற்றிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. ஆகவே அவ்வுரிமையைத் தொழிற்சங்கம் தன் ஒப்பந்தத்தின் வழியே மீட்க வேண்டியதாயிற்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விடுதியின் சிக்கன நடவடிக்கை என்று மட்டுமே படும். குனிந்து நிமிரும் முதுகுக்கே அதன் முழுப் பொருளும் தெரியும்.

சீட்டு பகிர்ந்து ஆட்டத்தை நடத்தும் 'டீலர்' எனப்படுவோரின் குறை வேறு வகையானது. இவர்களுடைய அடிப்படை ஊதியம் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தையொட்டியே இருப்பதால், வாழ்க்கை நடப்பது ஆடுவோர் தரும் அன்பளிப்புத் தொகையில்தான். லாஸ் வேகஸ் டீலர்கள் அதை 'டோக்' என்று அழைப்பார்கள். வின் லாஸ் வேகஸ் என்ற பெருவிடுதியின் நிர்வாகம் 2006இல், டீலர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்த இத்தொகையில் மேசை மேற்பார்வையாளர்களுக்கும் பங்கு உண்டு என்று விதியை மாற்றியது. மேற்பார்வையாளரின் ஊதியத்தை உயர்த்தும் பொறுப்பு முதலாளியுடையது என்றும், அச்சுமை தங்கள் அன்பளிப்பின்மீது இறக்கப்பட்டுவிட்டது என்றும் டீலர்கள் கருதினர். 2007 மே மாதத்தில் அவர்கள் வாக்களித்துப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தனர். எனினும் முதல் ஒப்பந்தம் கையெழுத்தாக 2010 நவம்பர் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அன்பளிப்பைப் பகிரும் அவ்விதி செல்லும் என்று நெவாடா உச்ச நீதிமன்றம் 2013இல் கூறியது; மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் ஊழியரின் அன்பளிப்பில் பங்கு பெறக் கூடாது என்று நாடாளுமன்றம் தேசிய அளவில் சட்டத்தைத் திருத்தியது 2018இல்தான். மேசையருகே ஒரே நாளில் செய்யப்பட்ட ஒரு மாற்றத்திற்குச் சட்டத்தின் விடை வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

இத்தகைய தாமதம் எவ்வாறு இயலுகிறது என்பதற்கு அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் அமைப்பைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம், தொழிலாளர் பெரும்பான்மையினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கத்துடன் முதலாளி நல்லெண்ணத்துடன் பேச வேண்டும் என்று விதிக்கிறது. இதுவே 'கூட்டுப் பேரம்' எனப்படுகிறது. ஆனால் பேச வேண்டும் என்ற கடமையைச் சுமத்தும் அதே சட்டம், உடன்பாட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்றோ விட்டுக்கொடுக்க வேண்டும் என்றோ எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இச்சட்டத்தைச் செயல்படுத்தும் அரசு அமைப்பான தொழிலாளர் வாரியம் ஒப்பந்தத்தின் ஒரு வாசகத்தைக்கூட முதலாளிமீது திணிக்க முடியாது என்று 1970இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சட்டமீறல் நிரூபிக்கப்பட்டாலும் தண்டத்தொகை விதிக்கும் அதிகாரம் வாரியத்திற்கு இல்லை. இழந்த ஊதியத்தைத் திருப்பித் தரச் சொல்வதும், இனிச் செய்யாதே என்று ஆணையிடுவதுமே அதன் கையிலுள்ள முக்கியக் கருவிகள்.

ஒப்பந்தம் காலாவதியாகும்போது நிகழ்வது இன்னும் நுட்பமானது. புதிய ஒப்பந்தம் ஏற்படும் வரை பழைய நிபந்தனைகளில் பெரும்பாலானவை அப்படியே தொடர வேண்டும் என்பது பொதுவிதி. முதலாளி தன் விருப்பப்படி அவற்றை மாற்றுவது சட்டமீறல் என்று 1962ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று நிலைநாட்டியது. இது தொழிலாளிக்குக் காப்பு எனத் தோன்றினாலும், அரிசியும் வாடகையும் மருத்துவச் செலவும் உயர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், பழைய ஊதியம் தொடர்வது என்பதன் பொருள் ஊதியம் மெல்லக் குறைவது என்பதே. மேலும், இருதரப்பும் இனி நகரவே முடியாத முட்டுநிலை ஏற்பட்டுவிட்டது என்று காட்ட முடிந்தால், முதலாளி தன்னுடைய கடைசி முன்மொழிவைத் தானே நடைமுறைப்படுத்திக்கொள்ளலாம். வேலைநிறுத்தம் செய்தாலோ, ஊதியம் முதலிய பொருளாதாரக் கோரிக்கைகளுக்காக வெளியேறியவர்களின் இடத்தில் நிரந்தரமாக வேறு ஆட்களை அமர்த்திக்கொள்ளலாம் என்ற 1938ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. முதலாளியின் சட்டமீறலை எதிர்த்து நடக்கும் வேலைநிறுத்தத்தில் மட்டுமே அவர்களுடைய இடம் காக்கப்படுகிறது. இவையனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், காத்திருப்பதற்கான விலையைத் தொழிலாளி அன்றாடம் செலுத்த, முதலாளி பெரும்பாலும் செலுத்தாமலே இருக்க முடிகிறது என்பது புலனாகும்.

இந்த ஏற்றத்தாழ்வு மிகக் கடுமையாக வெளிப்பட்ட இடம் நியூ ஜெர்சி மாநிலக் கடற்கரையிலுள்ள அட்லாண்டிக் சிட்டி. 1976இல் நடந்த வாக்கெடுப்பில் மாநில மக்கள் அந்நகரில் மட்டும் கேசினோவை அனுமதித்ததையடுத்து, 1978 மே மாதத்தில் நெவாடாவுக்கு வெளியே நாட்டின் முதல் சட்டப்பூர்வக் கேசினோ அங்கு திறக்கப்பட்டது. நலிந்துகொண்டிருந்த பழைய கடற்கரை நகருக்கு வேலைவாய்ப்பு வரும் என்பதே மக்களுக்குச் சொல்லப்பட்ட காரணம். 1990 ஏப்ரலில் டொனால்ட் டிரம்ப் அங்கு திறந்த மாளிகைக்கு 'டிரம்ப் தாஜ் மஹால்' என்று பெயர். வெங்காய வடிவக் குவிமாடங்களும் வாயிலில் கல் யானைகளுமாக, ஆக்ரா நினைவுச்சின்னத்தின் பெயரையும் இந்தியாவைப் பற்றிய ஒரு கற்பனையையும் கடற்கரை நடைமேடையில் கொண்டுவந்து நிறுத்திய கட்டடம் அது. 100 கோடி டாலருக்கு மேல் செலவான அக்கட்டடத்திற்காக, ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் 67.5 கோடி டாலருக்குக் கடன்பத்திரங்கள் வெளியிடப்பட்டிருந்தன. திறந்த மறு ஆண்டே, 1991இல், அது திவால் நீதிமன்றத்தை நாடியது. தாஜின் கதையைத் தொழிலாளர் பக்கமிருந்து சொல்பவர்கள் இந்த வட்டிக்கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும். பின்னாளில் 'தாங்க முடியாத செலவு' என்று சுட்டப்பட்டது சமையற்காரரின் மருத்துவக் காப்பீடு என்றாலும், அந்நிறுவனத்தின் தலைமீது தொடக்கம் முதலே அமர்ந்திருந்தது கடன்.

அண்டை மாநிலங்களிலும் கேசினோக்கள் பெருகியபின் அட்லாண்டிக் சிட்டியின் வருவாய் சரிந்தது. 2014ஆம் ஆண்டில் மட்டும் அட்லாண்டிக் கிளப், ஷோபோட், ரெவல், டிரம்ப் பிளாசா ஆகிய நான்கு மாளிகைகள் மூடப்பட்டு ஏறத்தாழ 8,000 பேர் வேலையிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் தாஜின் உரிமையாளரான டிரம்ப் என்டர்டெயின்மென்ட் ரிசார்ட்ஸ் நிறுவனம் மீண்டும் திவால் மனு அளித்தது. அதற்குள் டிரம்ப் நிர்வாகத்திலிருந்து விலகியிருந்தார். பெயரைப் பயன்படுத்த அனுமதித்ததற்கான சிறு பங்கு மட்டுமே அவரிடம் இருந்தது. மனு அளித்த சில நாள்களில் தொழிலாளர் ஒப்பந்தமும் காலாவதியானது. விடுதித் தொழிலாளர் சங்கமான யுனைட் ஹியரின் 54ஆம் கிளை புதிய ஒப்பந்தம் கேட்டு நின்ற வேளையில், நிறுவனம் திவால் நீதிமன்றத்திடம் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள அனுமதி கேட்டது. அக்டோபரில் அது கிடைத்தது. அதன் விளைவாகத் தொழிலாளருக்கு முதலாளி செலுத்திவந்த மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்களிப்பும் நின்றன.

அமெரிக்காவில் அரசு மருத்துவம் எல்லோருக்கும் பொதுவானதன்று. உழைக்கும் வயதினருள் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு ஒட்டியே வருகிறது. எனவே காப்பீட்டை இழப்பது ஊதியத்தின் ஒரு பகுதியை இழப்பதைவிடக் கொடியது. ஒரு பிரசவமோ ஓர் அறுவைச் சிகிச்சையோ குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். ஒப்பந்தம் முன்பே காலாவதியாகிவிட்டபடியால் அதை ரத்து செய்யும் அதிகாரம் திவால் நீதிமன்றத்திற்கு உண்டா, அல்லது அது தொழிலாளர் வாரியத்தின் எல்லைக்குட்பட்டதா என்ற சட்டக் கேள்வியைச் சங்கம் மேல்முறையீடாகக் கொண்டுசென்றது. நிறுவனத்தைக் காக்க வேண்டுமெனில் திவால் நீதிமன்றத்திற்கு அவ்வதிகாரம் வேண்டும் என்று 2016 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்துவிட்டது. முடிந்துபோன ஒப்பந்தத்தின் எஞ்சிய பாதுகாப்பும் இவ்வாறு கைவிட்டுப் போயிற்று.

இதற்கிடையில் தாஜின் கடன்பத்திரங்களை வாங்கிச் சேர்த்திருந்த முதலீட்டாளர் கார்ல் ஐகான், 2016 தொடக்கத்தில் அதன் உரிமையாளரானார். அதே நகரின் டிராபிகானா கேசினோவும் அவருடைய நிறுவனத்தின் கையில் இருந்தது. 2016 கோடையில் நகரின் மற்ற பெரிய கேசினோக்களுடன் சங்கம் பேச்சு நடத்தியபோது, பாலிஸ், சீசர்ஸ், ஹாராஸ் ஆகியவற்றோடு ஐகானின் டிராபிகானாவும் கெடுவுக்குள் உடன்பாட்டுக்கு வந்தன, தாஜ் வரவில்லை. பக்கத்து மாளிகைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் காப்பீடு தங்களுக்கும் வேண்டும் என்பதே தாஜ் தொழிலாளரின் மையக் கோரிக்கை. ஜூலை 1 அன்று ஏறத்தாழ 1,000 பேர் வேலையை நிறுத்திக் கடற்கரை நடைமேடையில் மறியலுக்கு நின்றனர். அது அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறையின் வாயில். கேசினோ நகரம் ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருக்கும் நாள்கள்.

வழக்கமான விடுதி முதலாளியாயின் அந்நாள்களின் வருவாய் இழப்பே பேச்சுவார்த்தை மேசைக்கு இழுத்திருக்கும். ஆனால் கடனை மலிவாக வாங்கி அதன்வழி உரிமையாளரானவருக்குக் கட்டடம் என்பது பல சொத்துகளில் ஒன்று; அது இயங்காமலிருப்பதும் அவருக்கு ஒரு வாய்ப்பே. மாதந்தோறும் பல பத்து லட்சம் டாலர் இழப்பைத் தாங்க முடியாது, இலாபத்திற்கு வழியே இல்லை என்று ஆகஸ்ட் தொடக்கத்தில் நிர்வாகம் மூடல் அறிவிப்பை வெளியிட்டது. வேலைநிறுத்தத்தின் 102ஆம் நாளான அக்டோபர் 10 அதிகாலையில் தாஜ் மூடப்பட்டு ஏறத்தாழ 3,000 பேர் வேலையிழந்தனர். சங்கத்தின் பிடிவாதமே இதற்குக் காரணம் என்று நகரத்தில் சிலர் பேசினர். அப்பேச்சில் நியாயம் குறைவு. இரண்டு ஆண்டுகளாகக் காப்பீடின்றி வேலை செய்து, நீதிமன்றப் படிகளைக் கடைசி வரை ஏறிப்பார்த்து, அண்டை மாளிகைகள் ஏற்றுக்கொண்டவற்றையே கேட்டவர்களைப் பிடிவாதக்காரர் என்பது, முன்னமே பறிக்கப்பட்டதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதாகும்.

தாஜுக்கு நேர் எதிரான முடிவைக் கண்டது லாஸ் வேகஸின் ஃபிரான்டியர். எலார்டி குடும்பம் 1988இல் வாங்கிய அந்த விடுதியில், ஊதியத்திலும் நலன்களிலும் நிர்வாகம் கைவைத்ததைத் தொடர்ந்து 1991 செப்டம்பர் 21 அன்று ஏறத்தாழ 550 தொழிலாளர் வெளியேறினர். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன் 1984இல் நகரெங்கும் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தில் சங்கம் சில விடுதிகளில் தன் இடத்தையே இழந்திருந்ததால், இன்னொரு தோல்வி சமையற்தொழிலாளர் சங்கம் எனப்படும் 226ஆம் கிளையைக் குலைத்துவிடும் என்ற அச்சம் அப்போது நிலவியது. அலபாமாவிலிருந்து குடிபெயர்ந்து, கணவரை இழந்தபின் விடுதி அறைகளைத் துப்புரவு செய்து பிள்ளைகளை வளர்த்த ஹாட்டி கான்டி 1990இல் அச்சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவர். ஃபிரான்டியரின் வாயிலில் மறியல் இரவுபகலாக, பாலைவன வெயிலிலும் மார்கழிக் குளிரிலும், இடைவெளியின்றி நடந்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களில் ஒருவர்கூட மறியலைக் கடந்து வேலைக்குத் திரும்பவில்லை. அக்காலத்தில் அவர்களுடைய வீடுகளில் குழந்தைகள் பிறந்து பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டினர். மறியலில் நின்றவர்களில் சிலர் முடிவைக் காணாமலே இறந்தனர். ஆறு ஆண்டுகள், நான்கு மாதங்கள், பத்து நாள்களுக்குப் பின், ஃபில் ரஃபின் என்ற புதிய உரிமையாளர் விடுதியை வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட, 1998 பிப்ரவரி 1 அன்று தொழிலாளர் மீண்டும் உள்ளே சென்றனர்.

இழுத்தடிப்பவரையும் காத்திருப்பால் வெல்லலாம் என்று ஃபிரான்டியரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அங்கு சங்கத்தின் பிற உறுப்பினர்கள் நகரின் மற்ற விடுதிகளில் வேலையில் இருந்தனர். மறியலில் நின்றவர்களுக்குச் சங்கத்தால் உதவித்தொகை வழங்க முடிந்தது. விடுதியோ வளரும் நகரில் விலைமதிப்புள்ள இடத்தில் நின்றதால் வாங்குவதற்கு ஆள் இருந்தார். அட்லாண்டிக் சிட்டியிலோ நகரமே சுருங்கிக்கொண்டிருந்தது.

ஃபிரான்டியருக்குப் பிந்திய தலைமுறைச் சங்கத் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதைவிடக் காலத்தைத் தேர்ந்தெடுப்பதில் அக்கறை செலுத்தினர். ஒப்பந்தம் நடப்பிலிருக்கும் வரை வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற விதி பொதுவாக அதிலேயே எழுதப்பட்டிருக்கும். அது முடிந்தபின் எந்த நாளில் வெளியேறுவது என்பதைச் சங்கமே முடிவு செய்யலாம். 2023இல் லாஸ் வேகஸில் பல்லாயிரம் தொழிலாளரின் ஒப்பந்தம் முடிந்து மாதங்கள் கடந்தும் பேச்சு நகராதபோது, நகரம் முதன்முறையாக அதன் பெருவீதியில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை நடத்தவிருந்த நவம்பர் மாதத்தைச் சங்கம் குறிவைத்தது. செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் 95 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்திற்கு ஒப்புதல் அளித்தனர். நவம்பர் 10 என்று கெடு குறிக்கப்பட்டது. அக்கெடுவுக்கு முந்திய கடைசி நாள்களில் சீசர்ஸ், எம்ஜிஎம், வின் ஆகிய மூன்று பெரு நிறுவனங்களும் அடுத்தடுத்து உடன்பட்டன. ஐந்தாண்டுகளில் ஊதியமும் நலன்களும் சேர்ந்து ஏறத்தாழ 32 விழுக்காடு உயர்வும், அன்றாட அறைத் துப்புரவும் அதில் இடம்பெற்றன. மாதக்கணக்கில் இயலாது எனப்பட்டவை மூன்று நாள்களில் இயன்றன.

டெட்ராய்ட்டில் அதே இலையுதிர்காலத்தில் நடந்தது சற்று வேறு. பெருந்தொற்றின்போது, 2020இல், தொழில் பிழைக்கட்டும் என்று மிகச் சிறிய உயர்வுக்குச் சம்மதித்திருந்த அந்நகரின் மூன்று கேசினோக்களின் தொழிலாளர்கள், வருவாய் மீண்டபின்னும் அத்தியாகம் நினைவுகூரப்படவில்லை என்ற மனக்கசப்போடு இருந்தனர். ஐந்து சங்கங்கள் இணைந்த கூட்டமைப்பின் கீழ் ஏறத்தாழ 3,700 பேர் அக்டோபர் 17 அன்று வெளியேறினர். நகரின் கேசினோ வரலாற்றில் அதுவே முதல் வேலைநிறுத்தம். ஒரு மாதத்திற்குப்பின் எட்டப்பட்ட உடன்பாட்டை இரண்டு மாளிகைகளின் தொழிலாளர் ஏற்க, எம்ஜிஎம் கிராண்ட் தொழிலாளர் மட்டும் அதை வாக்களித்து நிராகரித்து மேலும் இரண்டு வாரம் மறியலில் நின்றனர். தலைவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தையும் மறுக்கும் அளவுக்குக் கசப்பு ஊறியிருந்தது என்பதை அவ்வாக்கு காட்டியது.

தொழிலாளருக்குள்ளும் எல்லாக் குறையும் ஒரே திசையில் செல்வதில்லை என்பதையும் இங்குச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சி 2006இல் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடைசெய்தபோது கேசினோக்களுக்கு விலக்கு அளித்தது. எட்டு மணி நேரம் பிறர் ஊதும் புகையைச் சுவாசிக்கும் டீலர்கள் அவ்விலக்கை நீக்கக் கோரி, தங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் வாகனத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து 2024இல் வழக்குத் தொடுத்தனர். விடுதித் தொழிலாளரின் 54ஆம் கிளையோ, முழுத்தடை வந்தால் வாடிக்கையாளர் குறைந்து வேலை போய்விடும் என்று எதிர்நிலை எடுத்தது. தாஜின் கதவுகள் சாத்தப்பட்டதைக் கண்ட சங்கத்தின் அச்சத்திற்குக் காரணம் உண்டு. நுரையீரலைப் பற்றிய அச்சத்திற்கும் அதைவிடக் குறைந்த காரணம் இல்லை.

பேச்சுவார்த்தை இழுபறியோ ஓயவில்லை. ஒப்பந்தம் 2023லேயே முடிந்தும் புதுப்பிக்கப்படாமலிருந்த வர்ஜின் ஹோட்டல்ஸ் லாஸ் வேகஸில், 2024 மே மாதத்தில் 48 மணி நேர எச்சரிக்கை வேலைநிறுத்தம் நடந்தும் பயனில்லாததால், நவம்பர் 15 அன்று ஏறத்தாழ 700 பேர் முடிவு நாள் குறிக்காமல் வெளியேறினர். 2002க்குப் பிறகு சமையற்தொழிலாளர் சங்கம் நடத்திய முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் அது. அறுபத்தொன்பது நாள்களுக்குப்பின் 2025 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

தாஜ் மஹாலின் கட்டடத்தை 2017இல் ஐகானிடமிருந்து ஹார்ட் ராக் நிறுவனம் 5 கோடி டாலருக்கு வாங்கியது. கட்டச் செலவான தொகையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான விலை அது. 2018 ஜூனில் மாளிகை புதிய பெயரில் திறந்தது. 2022இல் நகரின் கேசினோ ஒப்பந்தங்கள் மறுபடியும் முடிவுக்கு வந்தபோது, சங்கம் மீண்டும் சுதந்திர தின வாரத்தையே கெடுவாக வைத்தது. மற்ற பெரிய மாளிகைகள் சில ஜூன் 30 அன்று உடன்பட, ஹார்ட் ராக் ஜூலை 2 அன்று, வேலைநிறுத்தத்திற்குக் குறித்த நாளுக்கு முந்திய நாள், கையெழுத்திட்டது. ஒப்பந்தக் காலத்தின் இறுதியில் அறைத் துப்புரவுப் பணியாளரின் ஊதியம் மணிக்கு 22 டாலராகும் என்பது அதன் முக்கியக் கூறு. ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே ஜூலை வாரத்தில் 1,000 பேர் மறியலுக்கு நின்ற அதே நடைமேடையில் அவ்வாண்டு விடுமுறைக் கூட்டம் மட்டுமே நின்றது.